சுவீடிஷில் வெல்டிங்கை ஏன் ‘ஸ்வெட்சா’ என்கிறார்கள்? ஆங்கிலத்திலிருந்து வந்ததா?

இல்லை. நீங்கள் இப்போதுதான் சுவீடனுக்கு வந்து மொழி வகுப்புக்குப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படி வந்தவன்தான். 16 வருடமாக கோத்தன்பர்க்கில் வெல்டராக இருக்கிறேன். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

‘ஸ்வெட்சா’ ஜெர்மன் ‘ஷ்வைசென்’னிலிருந்து வந்தது. ஜெர்மனில் ‘ஷ்வைஸ்’ என்றால் வியர்வை. ஆங்கில ‘ஸ்வெட்’ அதற்கு உறவு முறை, தாய் இல்லை.

சரி, இரும்பு எங்கே வியர்க்கிறது? எனக்கும் பல வருடம் விளங்கவில்லை. ஒரு கோடையில் கொல்லன் பட்டறை ஒன்றில் வேலை பழகப் போனேன். அங்கிருந்த முதியவர் இரண்டு இரும்புத் துண்டுகளை உலையில் வைத்தார். நன்றாகப் பழுத்ததும் எடுத்து, மணல் தூவி, திரும்பவும் வைத்தார். வெள்ளையாகச் சுட்டு வந்தபோது அதன் மேல் ஈரம் கசிந்ததுபோல ஒரு மினுக்கம். சூட்டில் இரும்பின் மேல் துருப்போலப் படிந்த செதிள் மணலோடு சேர்ந்து உருகி வழிகிறது. உடனே வெளியே இழுத்துச் சம்மட்டியால் அடித்தார், இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்த ஈரத்தைப் பார்த்தபோதுதான் சொல்லும் புரிந்தது.

ஆனால் அவர் அதை ‘ஸ்வெட்சா’ என்று சொல்லவில்லை, ‘வெல்லா’ என்றார். உலையில் காய்ச்சி அடித்து ஒட்டுவதற்கு அதுதான் இங்குள்ள பழைய சொல். கொதித்துப் பொங்குவது என்பதும் அதன் பொருள். ஆங்கில ‘வெல்ட்’டும் கொதிப்பதைக் குறித்த சொல்லிலிருந்தே வந்தது. அதில் சுவீடிஷ் சொல்லின் தாக்கம் இருக்கலாம் என்று அகராதிகளே சொல்கின்றன. என்னோடு வேலை செய்யும் துருக்கிக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர்கள் மொழியில் வெல்டிங் ‘கய்னாக்’, கொதிப்பது ‘கய்னாமாக்’ என்றார்.

வெல்டருக்கு மொழி பற்றி என்ன தெரியும் என்று யாராவது கேட்கலாம். நான் பேராசிரியர் இல்லை, ஆனால் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வேலையைக் கண்ணால் பார்த்தவன். போன வருடம் ஒரு கலியாண வீட்டில் என் மாமாவே என்னை “மருமகன் எஞ்சினியரிங் கம்பனியில் இருக்கிறார்” என்று அறிமுகப்படுத்தினார். வெல்டர் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இத்தனைக்கும், மேலே பூச்சுப் பூசிய வெல்டிங் ராடைக் கண்டுபிடித்த ஒஸ்கார் செல்பெரி கப்பல் கொதிகலன்களைப் பழுதுபார்த்தவர். 1904இல் இதே கோத்தன்பர்க்கில் அவர் தொடங்கிய வெல்டிங் கம்பனிதான் ஈசாப் (ESAB). அந்தப் பெயரிலுள்ள ‘எஸ்’ எழுத்தே ‘ஸ்வெட்ஸ்னிங்’, அதாவது வெல்டிங். அவர் கம்பனிப் பெயரிலேயே வைத்த வேலையைச் சபையில் சொல்ல மாமாவுக்கு ஏன் அவ்வளவு கூச்சம் என்று எனக்கு இன்னும் ஆறவில்லை.