டிசம்பர் வானம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: டிசம்பர்ல ஏதோ எரிகல் மழைன்னு சொல்றாங்களே, பெங்களூரு ஒயிட்ஃபீல்டு மொட்டை மாடில இருந்து தெரியுமா? டெலஸ்கோப் வாங்கணுமா சார்?

பதில்: டெலஸ்கோப்புக்குக் காசைக் கொட்டாதீங்கம்மா. எரிநட்சத்திரம் எந்தப் பக்கம் வேணா கோடு போடும், டெலஸ்கோப்ல தெரியுறதோ துளியூண்டு வானம், நீங்க அங்க பாத்துட்டு இருக்கும்போது அது இங்க போயிடும். பாயை விரிச்சு மல்லாக்கப் படுங்க, போதும். 13ம் தேதி ராத்திரி, விடிஞ்சா 14, அதுதான் ஜெமினிட்ஸ்ங்கிற இந்த எரிகல் மழையோட உச்சம். மிதுன ராசி பக்கமிருந்து வர்ற மாதிரி தெரியும். பத்து மணிக்கே ஆரம்பிக்கலாம், ஆனா மிதுனம் உச்சிக்கு வர ரெண்டு மணி தாண்டிடும், அப்பதான் நிறைய விழும். மணிக்கு 120ன்னு எல்லாம் போடுவாங்க, அது நிலா இல்லாத கும்மிருட்டுக் கணக்கு, ஒயிட்ஃபீல்டு வெளிச்சத்துல அதுல கால்வாசி கூட வராது. கோரமங்களால இருக்குற இந்திய வானியற்பியல் நிறுவனமே பெரிய டெலஸ்கோப்பை ஜவ்வாது மலை காவலூர்லதானே வச்சிருக்கு, சும்மாவா? கண்ணு இருட்டுக்குப் பழக 20 நிமிஷமாவது ஆகும், நடுவுல வாட்ஸ்அப் பாத்தீங்கன்னா திரும்ப முதல்ல இருந்து. எரிகல் மழைன்னாலே பெரும்பாலும் வால்நட்சத்திரம் விட்டுட்டுப் போன தூசிதான், ஆனா இதுக்குக் காரணம் 1983ல கண்டுபிடிச்ச ஃபேத்தான்னு ஒரு சிறுகோள், அதோட துணுக்குங்க செகண்டுக்கு 35 கிலோமீட்டர் வேகத்துல நம்ம காத்துல வந்து மோதி எரியுது.

கேள்வி: பஞ்சாங்கத்துல இருக்குற நட்சத்திரமெல்லாம் நிஜமாவே வானத்துல இருக்கா? (அல்சூர் வாசகர்)

பதில்: இருக்கே! இந்த மாசம் நடுவுல ராத்திரி ஒன்பது மணிக்குக் கிழக்கே பாருங்க, மூணு நட்சத்திரம் ஒரே வரிசையா நிக்கும், அதுக்கு இடது பக்கம் செவப்பா மின்னுதே அதுதான் திருவாதிரை. மார்கழி பௌர்ணமி நிலா இது பக்கத்துல வரும்போதுதான் ஆருத்ரா தரிசனம். அதுக்கும் மேல ரோகிணி, இன்னும் மேல தலைக்குக் கிட்ட குட்டிக் கொத்தா கார்த்திகை, பெங்களூரு லைட்டுக்கும் தப்பிச்சுத் தெரியும். தூக்கம் வரலைன்னா பன்னெண்டு மணிக்கு மேல தெக்கே திரும்புங்க, பளிச்சுன்னு அகத்தியர் நட்சத்திரம். டெல்லில சொந்தக்காரங்க இருந்தா இதைச் சொல்லி வெறுப்பேத்தலாம், அங்க அது அடிவானத்துல இருந்து 9 டிகிரிக்கு மேல ஏறாது, அந்தப் பனிப்புகைல எங்க தேடுறது.

கேள்வி: எரிநட்சத்திரத்தைப் பாத்தா ஆகாதுன்னு மாமியார் சொல்றாங்களே?

பதில்: எரியுறது நட்சத்திரமே இல்லைங்க, பெரும்பாலும் மணல் சைஸ் துணுக்கு. அவங்களையும் மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க, ஸ்வெட்டரும் ஃபிளாஸ்க்ல காபியும் மறக்காம.