ஓடுகிற நிரலுக்கு நடை எதற்கு?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டக் கோயில்களின் உபயக் கணக்கைப் பதிவதற்காக, நண்பர்கள் சிலர் கூட்டாகப் பைத்தான் நிரல்மொழியில் ஒரு மென்பொருள் எழுதி வருகிறோம். அண்மையில் நான்கு வரிப் பிழை ஒன்றைத் திருத்தியபோது, அந்தக் கோப்பு முழுவதிலும் வரிகளை உள்தள்ள டேப் விசையால் இட்டிருந்த வெற்றிடங்களை ஸ்பேஸ் விசையின் வெற்றிடங்களாக மாற்றி அனுப்பினேன். பொறுப்பாளராக இருக்கும் அண்ணன் ஏற்க மறுத்துவிட்டார். நிரல் சரியாக ஓடுகிறது. பைத்தான் நிரலின் நடைக்கான பெப் 8 வழிகாட்டியும் ஸ்பேஸைத்தான் சொல்கிறது. பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

2001இல் வெளிவந்த பெப் 8 நான்கு ஸ்பேஸ்களைப் பரிந்துரைப்பது உண்மைதான். ஆனால், ஏற்கெனவே டேப்பில் எழுதப்பட்ட நிரலோடு ஒத்துப்போக டேப்பையே பயன்படுத்தலாம் என்றும், வழிகாட்டியோடு ஒத்திருப்பதைவிடத் திட்டத்துக்குள் ஒத்திருப்பதும், அதைவிட ஒரே கோப்புக்குள் ஒத்திருப்பதும் முக்கியம் என்றும் அதே ஆவணம் சொல்கிறது. நீங்கள் துணைக்கு அழைத்த சாட்சி அண்ணன் பக்கம்தான் பேசுகிறது.

அவர் இடத்திலிருந்து பாருங்கள். நீங்கள் அனுப்பியதைத் திறந்தவுடன், ஏறத்தாழ எல்லா வரிகளும் மாறியதாகவே, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவி காட்டியிருக்கும். அவற்றுள் உண்மையான நான்கு வரிகளை அவர்தான் தேட வேண்டும். வெற்றிட மாற்றங்களை மறைத்துக் காட்டும் வசதி கிட்டில் உண்டே என்பீர்கள். பைத்தானில் ஒரு வரி எந்த நிபந்தனைக்குள் அடங்கும் என்பதை உள்தள்ளலே தீர்மானிக்கிறது என்பதால், அதை மறைத்துவிட்டுப் படிப்பது ஆபத்து. அதே கோப்பில் வேறொருவர் செய்துகொண்டிருக்கும் திருத்தமும் உங்களுடையதோடு மோதும். பின்னாளில் ஒரு வரியை யார், ஏன் எழுதினார் என்று தேடுகிறவருக்கு எங்கும் உங்கள் பெயரே கிடைக்கும்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள் உங்கள் வீட்டிலும் இருந்திருப்பார்கள். ஒருவர் வராத நாளில் அவருடைய நிரையை எடுக்கும் மாற்றாள், மரத்திலுள்ள வெட்டின் சரிவையே பின்பற்றுவார். தன் கைக்கு வசதியான சரிவில் வெட்டினால் மறுநாள் வருகிறவருக்குத்தான் தொல்லை.

டேப்பா ஸ்பேஸா என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகம் டேப்பில்தான் எழுதப்படுகிறது. கோ நிரல்மொழியில் நடையை ஒழுங்குசெய்யும் ஜிஓஎஃப்எம்டி கருவியும் டேப்பைத்தான் இடுகிறது. அந்த வழக்கைத் தே தாரிக் குடித்துக்கொண்டு பேசலாம், தீராது என்பது வேறு.

அண்ணனிடமும் ஒரு குறை உண்டு: விதி எங்கும் எழுதி வைக்கப்படவில்லை என்றால், புதிதாக வருகிறவர் அதை எப்படி அறிவார்? டேப்பா ஸ்பேஸா என்பதை எடிட்டருக்குச் சொல்லும் எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்றைத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்பேஸுக்கு மாறலாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால், நிலுவையிலுள்ள திருத்தங்களை முதலில் சேர்த்து முடித்துவிட்டு, பைத்தான் நிரலின் நடையைத் தானே ஒழுங்குசெய்யும் பிளாக் போன்ற கருவியை முழு நிரலின் மீதும் ஒரே முறை ஓட்டி, அதைத் தனி கமிட்டாக, அதாவது கிட்டில் தனியொரு மாற்றப் பதிவாக, இடுங்கள். வரி வரலாற்றைப் பார்க்கும்போது அப்படிப்பட்ட கமிட்டைத் தவிர்த்துக் காட்டும் வசதி 2019இல் வந்த கிட் 2.23 முதல் இருக்கிறது. திருத்தமும் ஒழுங்கமைப்பும் ஒரே கமிட்டில் கலந்திருந்தால் அது உதவாது.

அதற்கெல்லாம் முன்பாக, அந்த நான்கு வரிகளை மட்டும் டேப்போடு மீண்டும் அனுப்பிவிடுங்கள். உபயக் கணக்கில் பிழை இன்னும் அப்படியே இருக்கிறது.

அன்புடன்.