டபுள் மட்டும் அடிப்பவன் அரைகுறை ஆட்டக்காரனா?

கேள்வி: எனக்கு 27 வயது. கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். நான்கு ஆண்டுகளாக ஷிப்ட் முடிந்ததும் பூல் ஆடப் போகிறேன், மேஜையில் கோலால் பந்துகளை அடித்துப் பாக்கெட்டில் போடும் ஆட்டம். பந்தை மேஜை விளிம்பின் ரப்பர் குஷனில் மோதவிட்டு எதிர்ப்பக்கப் பாக்கெட்டில் விழவைக்கும் டபுள் ஷாட்தான் எனக்கு உயிர். எங்கள் கூடத்தில் என்னைவிட நன்றாக அதை அடிப்பவர் இல்லை. போன மாதம் ஓர் உள்ளூர்ப் போட்டியின் அரையிறுதியில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம் இருந்தது. நேராகவே அடித்திருக்கலாம், கொஞ்சம் தூரம், அவ்வளவுதான். நான் டபுள் அடித்தேன், தவறியது, தோற்றேன். எங்களுக்கு ஆட்டம் சொல்லித்தரும் அண்ணன், "ஆறு மாதம் நீ டபுள் பக்கமே போகக்கூடாது. ஒன்று மட்டும் தெரிந்தவன் ஆட்டக்காரனே இல்லை" என்று சொல்லிவிட்டார். நண்பர்களும் அதையே சொல்கிறார்கள். எனக்குப் பிடித்ததை விட்டுவிட வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: அன்புள்ள தம்பி, விட வேண்டாம். அண்ணன் சொன்னதில் பாதிதான் சரி. ஆனால் அந்தப் பாதி முக்கியமானது.

ஒன்றில் மட்டும் தேர்ந்தவர்களை இந்த விளையாட்டு ஒருநாளும் இழிவாக நடத்தியதில்லை. நீங்கள் டபுள் என்று சொல்வதை அமெரிக்காவில் பேங்க் என்பார்கள். அது மட்டுமே ஆட்டமாக இருக்கும் ஆட்டம் ஒன்று அங்கே உண்டு. பதினைந்து பந்துகளை அடுக்கி ஆடினால், எட்டுப் பந்துகளை முதலில் போட்டவர் வெற்றி. ஒவ்வொன்றும் குஷனில் பட்டுத்தான் விழ வேண்டும். நேராகப் போட்டால் கணக்கில் சேராது. நாக்ஸ்வில் கரடி என்று பட்டப்பெயர் பெற்ற எட்டி டெய்லரை, இந்த வகை ஆட்டத்தில் எக்காலத்துக்கும் தலைசிறந்தவர்களில் ஒருவராக இன்றும் பேசுகிறார்கள். உங்களுக்குப் பிடித்த அடியை வாழ்நாள் முழுக்கத் துலக்கிய மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் அரைகுறை என்று சொன்னதில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை நீங்கள் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே ஆட்டத்தில் தேர்வது வேறு, ஒரே அடியில் தேர்வது வேறு.

வில்லி மாஸ்கோனி முதல் வகை. ஸ்ட்ரெய்ட் பூல் என்ற ஒரே ஆட்டத்தின் அரசர் அவர். எந்தப் பந்தையும் எந்த வரிசையிலும் போடலாம், பந்தையும் பாக்கெட்டையும் முன்பே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் விதி. 1954ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு தவறும் இல்லாமல் தொடர்ந்து 526 பந்துகளைப் போட்டார். ஜான் ஷ்மிட் 2019இல் 626 போட்டு அதைத் தாண்டும்வரை, அறுபத்தைந்து ஆண்டுகள் அந்த எண் அப்படியே நின்றது. அதுவும் ஷ்மிட் மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப முயன்று எட்டியது. இவர்கள் ஆடியது ஒரே ஆட்டம் என்றாலும் அதற்குள் எல்லாம் வேண்டியிருந்தது. நீண்ட அடி, மெல்லிய தொடுகை, கட்டியாகக் கிடக்கும் பந்துகளை உடைப்பது, அடுத்த பந்துக்கு, கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் நிறுத்துவது என ஒன்றையும் விட முடியாது. ஒன்று குறைந்தாலும் ஐம்பதைத் தாண்டுவதே பெரும்பாடு.

இரண்டாம் வகைக்கு இங்கிலாந்தின் பழைய பில்லியர்ட்ஸ் வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும். இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான விடை அங்கேதான் இருக்கிறது.

மூன்று பந்துகள் கொண்ட ஆட்டம் அது. டபிள்யூ. ஜே. பீல் என்பவர் 1890இல் 3,304 புள்ளிகளை ஒரே மூச்சில் எடுத்தார். வழி எளிது. சிவப்புப் பந்தைப் பாக்கெட்டில் போட்டால் அது மீண்டும் அதே புள்ளியில் வைக்கப்படும். வெள்ளைப் பந்தை அதன் அருகிலேயே நிறுத்திக்கொண்டால், அதே அடியை அடித்துக்கொண்டே இருக்கலாம். பார்க்க வந்தவர்கள் சலித்துப்போனார்கள். சில ஆண்டுகளில் விதியை மாற்றி அதைத் தடுத்தார்கள். அடுத்து வந்தவர் டாம் ரீஸ். மற்ற இரு பந்துகளையும் பாக்கெட்டின் வாயருகே சிக்கவைத்து, அவை இடம் மாறாமல் தன் பந்தால் இரண்டையும் தொட்டுத் தொட்டுப் புள்ளி சேர்க்கும் உத்தி அவருடையது. 1907இல் ஜூன் தொடக்கத்திலிருந்து ஜூலை முதல் வாரம்வரை தவறாமல் தொடரும் ஒரே ஆட்டமுறையை, அதாவது ஒரே பிரேக்கை, நாள்தோறும் தொடர்ந்து, 4,99,135 புள்ளிகள் எடுத்தார். ஏறத்தாழ ஐந்து லட்சம்! ஆட்டம் முழுவதையும் பொதுமக்களும் பத்திரிகையாளர்களும் பார்க்கவில்லை என்பதால் அதிகாரபூர்வச் சாதனையாக ஏற்கப்படவில்லை. அந்த அடியும் தடைசெய்யப்பட்டது. பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து ஜார்ஜ் கிரே வந்தார். சிவப்பில் பட்டுத் தன் பந்தே பாக்கெட்டில் விழும் ஒரே அடியைக் கொண்டு, இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், 1911இல் 2,196 எடுத்தார். அதற்கும் பின்னாளில் வரம்பு வைத்தார்கள்.

இந்த மூவருடைய கைத்திறனும் வியப்புக்குரியது. ஐந்து வாரம் பந்து நகராமல் பார்த்துக்கொள்வது சாதாரண மனிதர்களால் ஆகிற காரியமா? ஆனால் அந்த ஓர் அடியை ஒரு வரி விதி துடைத்துவிட்டது.

அதே பில்லியர்ட்ஸில் ஆஸ்திரேலியாவின் வால்டர் லிண்ட்ரமைப் பாருங்கள். பந்துகளை ஒன்றாகச் சேர்த்துவைத்துக் குஷனோரமாக மெல்ல நகர்த்திச் செல்லும் நுட்பத்தில் அவருக்கு நிகர் இல்லை. 1932இல் இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜோ டேவிஸுக்கு எதிராக 4,137 எடுத்தார். அவர் போன்றவர்களைக் கட்டுப்படுத்தவே விதி மாற்றப்பட்டது. மாறிய பிறகும் 1933, 1934 ஆகிய ஆண்டுகளின் உலகப் பட்டங்கள் அவருக்கே போயின. அந்த நுட்பத்துக்குப் பின்னால் ஒரு முழு ஆட்டக்காரர் இருந்தார்.

இனி உங்கள் அரையிறுதிக்கு வருவோம். நீங்கள் ஆடியது பேங்க் ஆட்டம் அல்ல, எட்டுப் பந்து ஆட்டம். அதில் டபுளுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. நேராக அடிக்க வழி இருக்கும்போது டபுளைத் தேர்ந்தெடுத்தது ஏன்? கடிதத்தில் "கொஞ்சம் தூரம், அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் நான் இரண்டு முறை நின்று படித்தேன். தம்பி, உங்களுக்கு நீண்ட நேர் அடியில் பயம் இருக்கிறது என்று நினைக்கிறேன். டபுள் தவறினால் "கடினமான அடி" என்று எல்லோரும் ஆறுதல் சொல்வார்கள். நேர் அடி தவறினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நீங்கள் குஷனிடம் போயிருக்கலாம். நான் நினைப்பது தவறாக இருந்தால் மகிழ்வேன், ஆனால் சோதித்துப் பார்க்காமல் மறுக்காதீர்கள்.

சோதனை செய்வது கடினமல்ல. வெள்ளைப் பந்தையும் இன்னொரு பந்தையும் மூலைப் பாக்கெட்டுக்கு நேர்கோட்டில், மேஜையின் முக்கால் நீளத்துக்கு வையுங்கள். இருபது முறை அடியுங்கள். எத்தனை விழுந்தது என்று நோட்டில் எழுதுங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த டபுளை இருபது முறை அடித்து அதையும் எழுதுங்கள். முதல் எண் இரண்டாவதைவிடக் குறைவாக இருந்தால், உங்கள் டபுளில் பாதி ஆசை, பாதி ஒளிவிடம்.

இன்னொரு சோதனையும் உண்டு. வேறொரு கூடத்துக்குப் போய் அங்குள்ள மேஜையில் டபுள் அடித்துப் பாருங்கள். பந்து குஷனில் பட்டு எந்தக் கோணத்தில் திரும்பும் என்பது வேகத்தைப் பொறுத்தது. வேகமாக வந்தால் ரப்பர் நன்றாக அமுங்கிப் பந்தைக் குறுகலாகத் திருப்பும். மெல்ல உருண்டு வந்தால் அகலமாகத் திரும்பும். பந்தில் ஒட்டியிருக்கும் சுழற்சி, துணியின் வயது, ரப்பரின் தரம், மழைக்கால ஈரம் எல்லாம் அதில் கைவைக்கும். நான்கு ஆண்டுகளாக ஒரே கூடத்தில் ஆடுகிறவருக்குக் கை பழகியது அந்த மேஜையின் குஷன்தான். புது மேஜையில் பத்து நிமிடத்துக்குள் வேகத்தைத் திருத்திக்கொள்ள முடிந்தால், டபுள் உண்மையிலேயே உங்கள் கைக்கு வந்துவிட்டது.

அண்ணன் விதித்த ஆறு மாதத் தடை எனக்கு உடன்பாடில்லை. பிடித்த அடியைப் பிடுங்கிவிட்டால் கூடத்துக்குப் போகும் கால்களே தளர்ந்துவிடும். அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். பயிற்சியின் முதல் அரைமணி நேரம் நேர் அடிக்கு. அதன் பிறகு டபுளுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கொடுங்கள். ஆட்டத்தின்போது மட்டும் ஒரு கட்டுப்பாடு: நேர் வழி திறந்திருந்தால் நேராகத்தான் அடிக்க வேண்டும். வழி அடைபட்டிருக்கும்போது உங்கள் டபுள் வெளியே வரட்டும். அப்போதுதான் எதிரே நிற்பவர் அஞ்சுவார். மற்றவர்கள் தடுத்து ஆடிவிட்டு நிம்மதியாக உட்காரும் இடத்தில், நீங்கள் பந்தைப் போட்டுவிடுவீர்கள்.

பிலிப்பைன்ஸின் பூல் ஆட்டக்காரர் எஃப்ரென் ரேயெஸை நீங்கள் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். மணிலாவில் உறவினருடைய பூல் கூடத்தில் வேலை செய்து வளர்ந்தவர். 1999இல் ஒன்பது பந்து, 2004இல் எட்டுப் பந்து என இரண்டிலும் உலகப் பட்டம் வென்றவர். குஷனில் அடித்துப் பந்தைத் தேடிப்போகும் அவருடைய அடிகளைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை, எதிரி நேர் வழியை மறைத்துவிட்டபோது அடிக்கப்பட்டவை. வழி திறந்திருந்தபோது அவர் போட்ட ஆயிரக்கணக்கான எளிய பந்துகளை யாரும் வீடியோவாக வெட்டிப் போடுவதில்லை.

அண்ணனிடம் கோபம் வேண்டாம். போய் இந்த நோட்டைக் காட்டுங்கள், அவரையே எண்ணச் சொல்லுங்கள். அந்த அரையிறுதியில் கறுப்புப் பந்து நின்ற இடம் உங்களுக்கு மறந்திருக்காது. அதே இடத்தில் அதை வைத்து, இந்த முறை நேராக இருபது தடவை அடித்துவிட்டு, எத்தனை விழுந்தது என்று எனக்கு எழுதுங்கள்.