ஹோட்டன் சமவெளியில் ஒருநாள் நடை: கேட்டவையும் சொன்னவையும்

நான் இருப்பது நுவரெலியாவில். இருபது வருஷமாக, இலங்கை மலையகத்தின் தேசியப் பூங்காவான ஹோட்டன் சமவெளிக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். வழிகாட்டி உத்தியோகம் எல்லாம் இல்லை. சொந்தக்காரர், கூட வேலை செய்பவர், அவருடைய மச்சான் என்று வருகிறவர்கள்தான். விடுமுறைக்கு வர இருப்பவர்கள் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்து குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

வவுனியாவிலிருந்து ஒரு அக்கா: எல்லோரும் விடியக் காலையிலேயே போகச் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகளோடு அது கஷ்டம். 9 மணிக்குப் போய்ச் சேர்ந்தால் ஆகாதா?

ஆகும் அக்கா, ஆனால் எதைப் பார்க்கப் போகிறீர்களோ அது இருக்காது. உலக முடிவு என்கிற வேர்ல்ட்ஸ் எண்ட் ஒரு செங்குத்தான மலை விளிம்பு. 800 மீற்றருக்கு மேல் கீழே விழும் பள்ளம். வெயில் ஏற ஏறக் கீழே தாழ்நிலத்தின் ஈரக்காற்று சூடாகி அந்தச் சுவரோடு மேலே வரும். மேலே குளிரில் பட்டதும் முகிலாகிவிடும். அநேகமான நாட்களில் 9, 10 மணிக்குள் இது நடந்து முடிந்துவிடும்.

கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டாரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆற அமர இடியப்பம் சாப்பிட்டு 8 மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பினோம். உலக முடிவில் போய் நின்றபோது மணி 11. முன்னால் வெள்ளைச் சுவர். கையை நீட்டினால் விரல் நனைந்தது, அவ்வளவுதான். மாமியார் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதைப் பார்க்கவா தம்பி இவ்வளவு தூரம் நடக்க வைத்தீர்கள்?" என்று கேட்டார். இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

வாயில் 6 மணிக்குத் திறப்பார்கள். நுவரெலியாவிலிருந்து அம்பேவளை, பட்டிப்பொல வழியாகச் சுமார் 32 கிலோமீற்றர், வளைவுப் பாதை, ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். விடிய 4.30க்கு வான் வண்டியில் ஏறிவிடுங்கள். பிள்ளைகளை உடுப்போடு படுக்க வைத்து அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு வாருங்கள், வானிலேயே தூங்கட்டும். காலைச் சாப்பாடு ஃபார் இன்னில், அதாவது நடை தொடங்கும் இடத்தில்.

அதே அக்கா: மகனுக்கு 5 வயது, மகளுக்கு 9. முழுச் சுற்றும் நடப்பார்களா?

சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீற்றர். மகள் நடப்பாள். மகன் முதல் பாதியை ஓடியே கடந்துவிட்டு, மறுபாதியை உங்கள் தோளில் முடிப்பான். யாரால் தூக்க முடியும் என்பதை இப்போதே வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பாதை பிரியும் இடத்தில் சின்ன உலக முடிவு, பிறகு பெரியது, திரும்பும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற வரிசையில் போங்கள். நீர்வீழ்ச்சி முகிலிலும் தெரியும், பள்ளம் தெரியாது. இதை மாற்றிப் போய் ஏமாந்தவர்கள் நிறைய. பெரிய உலக முடிவு ஏறக்குறையப் பாதித் தூரம். அங்கே பிள்ளை சோர்ந்துவிட்டால் வந்த வழியே திரும்பலாம். அப்படித் திரும்பினால் அருவி மட்டும்தான் நட்டம், அதற்கு இறங்கும் இடமும் சறுக்கலான படிகள். 20 மீற்றர் உயர அருவி. அழகுதான், ஆனால் மலையகத்தில் அருவிக்குப் பஞ்சமில்லை.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: ஊட்டி, முக்குருத்தி எல்லாம் நடந்தவன். அங்கே புதிதாக என்ன இருக்கிறது, சார்?

உண்மையைச் சொன்னால் முதல் 1 கிலோமீற்றர் உங்களுக்கு வீடு மாதிரியே இருக்கும். அதே புல்வெளி, அதே பள்ளங்களில் சோலைக்காடு. நீங்கள் காட்டுப் பூவரசு என்று சொல்லும் செம்பூ மரத்தின் பங்காளி இங்கேயும் உண்டு, சிங்களத்தில் மகரத்மல் என்பார்கள். எங்கள் சோலையில் குடை விரித்த மாதிரி உச்சி தட்டையாக நிற்பது கீனா மரம். ஓரங்களில் மூக்கில் கொம்பு வைத்த ஓணான் ஒன்று இருக்கிறது, இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. கிளையோடு கிளையாக அசையாமல் இருக்கும். அவசரமாக நடப்பவர் கண்ணில் படாது.

சிவப்புத் தேவாங்கும் இங்கே இருக்கிறது. அழிந்துபோனது என்று பல பத்தாண்டுகளாக நினைத்திருந்த அதன் மலை வகையின் படம் 2010இல் வெளியானது. அது இரவுப் பிராணி, பகல் நடையில் எதிர்பார்க்காதீர்கள்.

விளிம்புதான் உங்களுக்குப் புதிது. புல்வெளி சமமாகப் போய்க்கொண்டே இருந்து, திடீரென்று நிலம் முடிந்துபோகும். தெளிந்த காலையில் நேர் கீழே நொன்பரேல் தேயிலைத் தோட்டம், தொழிலாளர் லயன் வீடுகளின் கூரைத் தகரங்கள் வெயிலில் மின்னும். தள்ளி உடவளவைப் பக்கத்து நீர்த்தேக்கங்கள். மிகத் தெளிவாக இருந்தால் தெற்கே கடலும் ஒரு கோடாகத் தெரியும். எனக்கு இருபது வருஷத்தில் நாலைந்து தடவைதான் வாய்த்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி: நாங்கள் ஆறு பேர், எல்லோரும் 25க்குள். சுற்றுப்பாதை சின்னப் பிள்ளை விளையாட்டு என்கிறார்கள். கிரிகல்பொத்தை ஏறலாமா?

ஏறலாம் தம்பி. இலங்கையின் இரண்டாவது உயரமான மலை, 2,388 மீற்றர். முதலாவது நுவரெலியாவுக்கு மேலே நிற்கும் பிதுருதலாகல. கிரிகல்பொத்தைக்கும் ஃபார் இன் பக்கத்திலிருந்துதான் பாதை. போக 7, வர 7 கிலோமீற்றர். தூரத்தைப் பார்த்துச் சிரிக்காதே. நடுவில் சதுப்பு, ஓடைகள், கடைசியில் வேர்களைப் பிடித்து ஏறுகிற காட்டுச் சரிவு. ஆறேழு மணி நேரம் ஒதுக்கிக்கொள். மழைக்கு அடுத்த நாள் போகாதே, முழங்கால் வரை சேறு. கிளம்பும்போது வாயில் அலுவலரிடம் இத்தனை பேர், இந்தப் பாதை என்று சொல்லிவிட்டுப் போ. பல இடங்களில் கைப்பேசியில் சிக்னல் கிடையாது. மூடுபனி இறங்கினால் புல்வெளியில் எல்லாத் திசையும் ஒன்று போலவே இருக்கும்.

அவ்வளவு வேண்டாம் என்றால் தொட்டுப்பொல கந்த போ. 2,357 மீற்றர், மூன்றாவது உயரம். பட்டிப்பொல வாயிலுக்குப் பக்கத்திலிருந்து ஏறுவழி, ஒரு மணி நேரம் போதும். பெயருக்கு இறங்குதுறை என்று பொருள். இராவணனின் விமானம் இறங்கிய இடம் என்று கதை சொல்வார்கள். காலையில் உலக முடிவு, திரும்பும் வழியில் தொட்டுப்பொல. உங்கள் வயதுக்கு இதுதான் சரியான நாள் என்பது என் எண்ணம். உச்சியில் ஏறிய பெருமை வேண்டுமா, நல்ல காட்சி வேண்டுமா என்று ஆறு பேரும் முதல் நாள் இரவே சண்டை போட்டு முடித்துவிடுங்கள்.

கொழும்பிலிருந்து ஒரு தங்கை: என்ன உடுப்பு? எந்தச் சப்பாத்து?

ஜீன்ஸ் மட்டும் வேண்டாம் தங்கச்சி. விடியற்காலையில் புல்லில் நிற்கும் பனியிலேயே முழங்கால்வரை நனைந்துவிடும். பிறகு ஈரச் சாக்கைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. சீக்கிரம் காயும் மெல்லிய காற்சட்டை போதும். மேலே ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று: பனியன், ஸ்வெட்டர், காற்றும் தூறலும் புகாத ஜக்கெட். 6 மணிக்கு மூன்றும் வேண்டும். 9 மணிக்கு இரண்டு பையில் இருக்கும். தை, மாசியில் இரவில் புல் உறைந்து வெள்ளையாகும், அப்போது கையுறையும் கொண்டு வா.

சப்பாத்துக்குப் பெரிய செலவு வேண்டாம், அடியில் பிடிப்பு இருந்தால் சரி. ஆனால் புதுச் சப்பாத்தை அன்றைக்கே போட்டுக்கொண்டு வராதே. இரண்டு கிழமை கடைக்கும் வேலைக்கும் போட்டு நடந்து பழக்கிக்கொள். உபரியாக ஒரு சோடி மேஸ் (காலுறை). வெயில் குளிர்ச்சியாகத்தான் இருக்கும், ஆனால் 2,100 மீற்றருக்கு மேலே தோலைச் சுட்டுவிடும். தொப்பி அவசியம்.

நடந்து பழக்கமில்லை என்றால், வருவதற்கு ஒரு மாதம் முன்னிருந்தே அலுவலகத்தில் லிப்ட்டை மறந்துவிடு. மேலே காற்று கொஞ்சம் மெலிது, ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு அம்மா: சாப்பாடு கொண்டுபோக விடுவார்களா? பொலித்தீன் பிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

சாப்பாட்டுக்குத் தடையில்லை அம்மா, அது சுற்றிவரும் பொருளுக்குத்தான் தடை. நடை தொடங்கும் இடத்தில் ஒரு மேசை போட்டுப் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். பிஸ்கட் பக்கெற்றைப் பிரித்து, பிஸ்கட்டைக் கடுதாசிப் பையில் கொட்டித் தருவார்கள். தண்ணீர்ப் போத்தலின் மேல் ஒட்டிய தாளைக்கூடக் கிழித்து எடுப்பார்கள். பின்னால் வரிசை நிற்கும், குளிரில் விரல் மடங்காது, லன்ச் ஷீட்டில் கட்டிய ரொட்டி நாலாபக்கமும் உருளும். ஒரு தடவை என் கட்டைச் சம்பல் முழுக்க ஸ்வெட்டர்மேல் கொட்டியது. நாள் முழுக்க வெங்காய வாசம்.

ஆகவே வீட்டிலேயே வாழையிலையில் கட்டுங்கள், அல்லது எவர்சில்வர் டப்பா. ரொட்டி, சம்பல், அவித்த முட்டை, வாழைப்பழம். ஆளுக்கு 1 லீற்றர் தண்ணீர், ஒரு பிளாஸ்கில் இஞ்சித் தேநீர். இந்தச் சோதனையைத் திட்டாதீர்கள். ஃபார் இன் பக்கம் மரைகள், அதாவது கடமான்கள், வண்டிக் கதவுவரை வந்து நிற்கும். மனுசர் கொடுத்துக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். சாப்பாட்டோடு சேர்த்துப் பொலித்தீனையும் விழுங்கிவிடும். பிள்ளைகள் ஆசைப்பட்டாலும் ஒரு வாய்கூடக் கொடுக்க விடாதீர்கள். ஆண் மரையின் கொம்புக்குக் கிட்டேயும் போக வேண்டாம்.

கழிப்பறை தொடக்கத்தில்தான். பாதையில் இல்லை.

லண்டனிலிருந்து ஒரு அண்ணா: டிசம்பரில் வருகிறோம். ஒகிய வரை ரயிலில் வந்து நடக்கலாமா? கட்டணம் எப்படி?

ரயில் பயணம் அருமை, ஆனால் பகல் ரயிலில் வந்து இறங்கினால் காலைக் காட்சி போய்விடும். ஒகிய நிலையத்திலிருந்து ஃபார் இன் வரை தார் ரோட்டில் 11 கிலோமீற்றர் ஏற்றம். சுற்றுப்பாதையையும் திரும்பும் வழியையும் கூட்டினால் 30 கிலோமீற்றருக்கு மேல் ஆகும். முதல் நாள் ஒகியவிலோ பட்டிப்பொலவிலோ தங்கி, விடியற்காலையில் ஆட்டோவில் மேலே போங்கள். மலைப்பாதையில் மண்சரிவு வந்தால் ரயில் நின்றுவிடும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

டிசம்பரில் மழை இருக்கலாம். என்னைக் கேட்டால் ஜனவரி முதல் மார்ச் வரை. ஜூன், ஜூலையில் காற்று ஆளைத் தள்ளும். டிசம்பர்தான் என்றால் ஒரு நாளை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு உள்ளூர்க் கட்டணத்தைவிடப் பல மடங்கு, வண்டிக்குத் தனி. தமிழ் பேசினால் குறையாது அண்ணா, முயன்று பார்த்தவர்கள் சொன்னது.

திருச்சியிலிருந்து ஒருவர்: உலக முடிவில் விழுந்தவர்கள் உண்டாமே. ஆபத்தா?

பாதை ஆபத்தில்லை, கைப்பேசிதான் ஆபத்து. 2015இல் நெதர்லாந்துக்காரர் ஒருவர் புது மனைவியைப் படம் எடுக்கப் பின்னால் நகர்ந்து விழுந்தார். சுமார் 40 மீற்றர் கீழே ஒரு மரம் தாங்கியதால் பிழைத்தார், இராணுவத்தினர் இறங்கித் தூக்கி வந்தார்கள். எல்லோருக்கும் மரம் கிடைக்காது. ஈரக் கல்லில் நிற்காதீர்கள், படம் எடுக்கிறவர் காலை அசைக்கக் கூடாது. பிள்ளைகளின் கையை விளிம்புக்கு 50 அடி முன்னாலேயே பிடித்துவிடுங்கள்.

வவுனியா அக்கா மறுபடியும்: விடியவே போயும் முகில் இருந்தால்?

இருங்கள். உடனே திரும்பி நடக்காதீர்கள். பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டு கல்லில் இருபது நிமிஷம் உட்காருங்கள். கீழிருந்து ஒரு காற்று வரும், முகில் நடுவில் கிழியும். முதலில் ஒரு கூரைத் தகரம், பிறகு தேயிலைப் பச்சை, பிறகு ஒரு ரோட்டு வளைவு. இரண்டு நிமிஷத்தில் மறுபடியும் மூடிவிடும். போன வருஷம் மாமியாரை மறுபடி கூட்டிப் போனேன், 6 மணிக்கே வாயிலில் நின்றோம். அப்படியும் முகில். இந்தத் தடவை அவர்தான் எழுந்திருக்க மறுத்தார். மூன்றாவது கோப்பையில் திறந்தது.