காலையில் தும்மல், இரவில் இருமல்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. ஒரு வருடமாகக் காலையில் எழுந்ததும் விடாமல் தும்முகிறான். மூக்கும் கண்ணும் அரிக்கின்றன. இணையத்தில் பார்த்தபோது ஹே ஃபீவர் (ஒரு வகை மூக்கு அலர்ஜி) என்று போட்டிருந்தது. தேன், மஞ்சள் பால், ஆவி எல்லாம் செய்துவிட்டேன். மருந்துக்கடையில் வாங்கிய மூக்குச் சொட்டு மருந்தை 3 வாரமாக விடுகிறேன். சில நாள் இரவில் இருமுகிறான். இயற்கையாகத் தடுக்க வழி உண்டா? ஆஸ்துமாவாக மாறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- வாசகி, பட்டர்வொர்த், மலேசியா

பதில்: இருமலைப் பற்றி முதலில் பேசுவோம். கடிதத்தில் அதற்கு ஒரே வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். எனக்கு முக்கியமானது அந்த வரிதான்.

மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரண்டு முனைகள். மூக்கு அலர்ஜி உள்ள பிள்ளைகளில் கணிசமான பேருக்கு ஆஸ்துமாவும் இருக்கிறது. மூக்குச் சளி தொண்டையில் இறங்குவதாலும் இரவில் இருமல் வரலாம் என்பது உண்மைதான். ஆனால் அதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. விடியற்காலை 2, 3 மணிக்கு இருமி எழுகிறானா? மூச்சு விடும்போது விசில் மாதிரிச் சத்தம் கேட்கிறதா? பள்ளியில் ஓடும்போது மற்ற பிள்ளைகளுக்கு முன்பே நின்றுவிடுகிறானா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் இந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள். விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்வாங்கினாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ காத்திருக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள். ஆஸ்துமா என்றே தெரியவந்தாலும் பயப்பட வேண்டாம் அம்மா. இன்ஹேலரை ஒழுங்காக எடுக்கும் பிள்ளை பந்தும் விளையாடும், ஓட்டப் பந்தயமும் ஓடும். கண்டுபிடிக்காமல் விட்ட ஆஸ்துமாதான் ஆபத்து.

சரி, தும்மல். இணையத்தில் நீங்கள் படித்தது பெரும்பாலும் குளிர்நாட்டுச் சங்கதி. அங்கே வசந்தத்திலும் கோடையிலும் புல், மரங்களின் மகரந்தம் காற்றில் பறக்கும். அந்தச் சில மாதங்கள் மட்டும் தும்முவார்கள். நமக்கு அப்படியொரு பருவம் இல்லை. மலாய்க்காரர்கள் 'ரெஸ்டுங்' என்று சொல்லும் இந்தத் தொல்லைக்கு இங்கே முதல் காரணம், மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி, குறிப்பாக அதன் கழிவு. நம் காற்றின் ஈரம் அதற்கு அவ்வளவு பிடிக்கும். உங்கள் மகன் எழுந்தவுடன் தும்முவதும் அதனால்தான் இருக்கும். இரவு முழுக்க முகத்தைத் தலையணையில் வைத்துத்தானே தூங்குகிறான்.

அதனால் 'இயற்கை வழி' படுக்கையில் தொடங்குகிறது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, போர்வை எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். வீட்டு இயந்திரத்தில் பச்சைத் தண்ணீர் மட்டும்தான் வருகிறதா? துவைத்ததை டோபி கடையின் சூடான டிரையரில் போட்டு எடுங்கள், அந்தச் சூட்டில் பூச்சி சாகும். பழைய பஞ்சுத் தலையணையைத் தூக்கிப் போடுங்கள். மெத்தைக்கும் புதுத் தலையணைக்கும் பூச்சி நுழையாத உறை போடுங்கள். கட்டிலில் இருக்கும் பொம்மைகளையும் அறையில் விரித்த கம்பளத்தையும் எடுத்துவிடுங்கள். இதில் ஒன்றை மட்டும் செய்தால் பலன் தெரியாது, எல்லாம் சேர வேண்டும். சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்தி, சிகரெட் எந்தப் புகையும் அவன் மூக்குக்கு ஆகாது. சாமி கும்பிடும்போது அவனை வேறு அறையில் இருக்கச் சொன்னால் தெய்வக் குற்றம் ஆகிவிடாது. புகைமூட்ட நாட்களில் ஜன்னலை மூடிவையுங்கள்.

மருந்தில்லாத வழிகளில் நான் மனதார நம்புவது உப்பு நீரால் மூக்கைக் கழுவுவது. கொதிக்கவைத்து ஆறிய நீர் 250 மில்லி, அதில் அரைத் தேக்கரண்டி உப்பு. குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் விடக் கூடாது.

தேன் இந்த அலர்ஜியைத் தடுப்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. மஞ்சள் பால் பிடித்தால் குடிக்கட்டும், அவ்வளவுதான். ஆவியை இன்றோடு விடுங்கள். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தும்மலுக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

அப்புறம் அந்தச் சொட்டு மருந்து. மூக்கடைப்பைத் திறக்கும் வகை என்றால் 3 நாள், மிஞ்சிப்போனால் 5 நாள்தான் விடலாம். 3 வாரம் விட்டால் மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பிக்கும். பெரியவர்களுக்கான பாட்டிலைப் பிள்ளைக்கு விடுவது இன்னும் மோசம். நிறுத்தியதும் சில நாள் அடைப்பு கூடும். அதற்குப் பயந்து மறுபடி விடாதீர்கள். மருத்துவர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே எழுதிக்கொடுத்தால் அந்தப் பெயரைக் கேட்டு அலற வேண்டாம். அளவு மிகக் குறைவு, இந்த நோய்க்கு நன்றாக வேலை செய்வதும் அதுதான். முழுப் பலன் தெரிய 2 வாரம் ஆகலாம். நீண்ட நாள் போட்டால் மருத்துவரே அவன் உயரத்தை அளந்து பார்த்துக்கொள்வார்.

கிளினிக்குக்குப் போகும்போது அந்தச் சொட்டு மருந்து பாட்டிலையும் எடுத்துப் போங்கள். இன்றிரவு இருமினால் அவன் சட்டையை விலக்கி, நெஞ்சு தெரியும்படி கைப்பேசியில் ஒரு நிமிடம் வீடியோ எடுங்கள். பகலில் அவனைப் பரிசோதிக்கும் மருத்துவருக்குக் கிடைக்காத தகவல் அதில் இருக்கும்.