வாடை போச்சு, வெள்ளை போகலையே!

கேள்வி: காவிரித் தண்ணீரில் குளோரின் வாடை அடிக்கிறதென்று கரி ஃபில்டர் மாட்டினோம். வாடை நின்றுவிட்டது. ஆனால் போர் தண்ணீர் விடும் நாளில் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளை படிகிறதே?
- வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஃபில்டர் மேல் குறையில்லை அம்மா, உப்பை எடுப்பது அதன் வேலை இல்லை. தேங்காய்ச் சிரட்டையைக் கரியாக்கி, 800 டிகிரிக்கு மேல் சூடான நீராவியைச் செலுத்தினால் உள்ளே நுண்துளைகள் திறக்கும். ஒரு கிராம் கரியின் உட்பரப்பை விரித்தால் ஏறக்குறைய 1,000 சதுர மீட்டர், அதாவது நாலு கிரவுண்டு மனைக்கு மேல்! வாடை தரும் பொருள்கள் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். குளோரின் கரியோடு வினைபுரிந்து குளோரைடாகிவிடும். ஆனால் வெள்ளையாகப் படிவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சிய, மக்னீசிய உப்பு; அது கரியில் ஒட்டாமல் நழுவி வந்துவிடும். அதற்கு ஆர்.ஓ. (நுண்சவ்வு வழியே தண்ணீரை வடிக்கும் கருவி) அல்லது சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி)தான்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். மூன்று வாரம் ஊருக்குப் போய்வந்து என் வீட்டு ஃபில்டரின் கார்ட்ரிட்ஜை (கரி அடைத்த உருளையை)க் கழற்றினேன். விரலில் கொழகொழவென்று வழுக்கியது. குளோரின் போன ஈரக் கரியில் கிருமி குடியேறும். வாடை வரட்டும் என்று காத்திருக்காமல், கம்பெனி சொன்ன கெடுவில் கார்ட்ரிட்ஜை மாற்றிவிடுங்கள். சின்னக் குழந்தை இருந்தால் காய்ச்சியே கொடுங்கள்.