காசே வாங்காத மெசேஜ் ஆப்புகள் எதில் சம்பாதிக்கின்றன?

கேள்வி: வாட்ஸ்அப், டெலிகிராம் எல்லாம் வருடக்கணக்கில் சும்மாதான் கிடைக்கின்றன. நாம் எழுதுவதைப் படித்து, அதை யாருக்காவது விற்றுத்தான் பிழைக்கிறார்களா?

பதில்: வாட்ஸ்அப்பைப் பொறுத்தவரை, படித்து விற்கிறார்கள் என்பது சரியில்லை. அனுப்புபவர் போனிலும் பெறுபவர் போனிலும் மட்டுமே திறக்கும்படி செய்தியைப் பூட்டி அனுப்பும் முறை 2016-லேயே அங்கே முழுமையாக வந்துவிட்டது. (டெலிகிராமில் அப்படியில்லை, அங்கே சீக்ரெட் சாட் என்று தனியாகத் திறந்தால்தான் அந்தப் பூட்டு. பலருக்கும் இது தெரியாது.) ஆனால் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசுகிறீர்கள் என்பது இந்தப் பூட்டுக்குள் வராது.

சரி, பணம் எங்கிருந்து? ஒரு காலத்தில் வாட்ஸ்அப் முதல் வருடம் இலவசம், அப்புறம் வருடத்துக்கு ஒரு டாலர் என்று சந்தா வைத்திருந்தது. 2014-ல் ஃபேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது அங்கே வேலை பார்த்தவர்கள் ஐம்பது பேர் சொச்சம்தான், ஆனால் பயன்படுத்தியவர்கள் 45 கோடி. அந்தத் தலைக்கணக்குக்குத்தான் விலை. 2016-ல் சந்தாவையும் எடுத்துவிட்டார்கள்.

இப்போது பில் கட்டுவது கடைக்காரர்களும் கம்பெனிகளும். உங்கள் பார்சல் கிளம்பிவிட்டது, தள்ளுபடி நாளையோடு முடிகிறது என்றெல்லாம் வருகிறதே, அதில் பெரும்பாலானவற்றுக்கு அனுப்பிய கம்பெனி காசு கொடுத்திருக்கும். நீங்களாக ஒரு கம்பெனிக்கு 'விலை என்ன?' என்று கேட்டால் அடுத்த 24 மணி நேரம் அவர்கள் பதில் எழுதுவதற்குக் கட்டணமில்லை, அது தாண்டினால் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிய வாசகத்தைத்தான், அதுவும் காசு கட்டித்தான் அனுப்ப முடியும். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு விளம்பரத்தைத் தொட்டதும் நேராக வாட்ஸ்அப் உரையாடல் திறக்கிறதே, அந்த விளம்பரத்துக்கும் தனியாகக் காசு. ஸ்டேட்டஸ் பக்கத்தில் விளம்பரம் போடப்போவதாக 2025-ல் அறிவித்தார்கள், அதனால் 'விளம்பரமே இல்லை' என்ற பெருமையும் போயிற்று.

மற்றவர்கள் வழி வேறு. டெலிகிராம் 2022-ல் மாதச் சந்தாவோடு பிரீமியம் கொண்டுவந்தது, பெரிய பொதுச் சேனல்களில் விளம்பரமும் போடுகிறது. ஜப்பானில் வளர்ந்த லைன் ஸ்டிக்கர் விற்றே நன்றாகச் சம்பாதித்தது. சிக்னல் நன்கொடையில் ஓடுகிறது, என்னைக் கேட்டால் கணக்கு வழக்கு நேராக இருப்பது அதில்தான்.

கேள்வி: இவ்வளவு கோடிப் பேரை எப்படிப் பிடித்தார்கள்? டிவியில் விளம்பரம் பார்த்து நான் சேரவில்லையே.

பதில்: உங்கள் போன்புக் வழியாகத்தான். யூசர் நேம், பாஸ்வேர்ட் எதுவும் வேண்டாம், போன் நம்பரே அடையாளம் என்று வைத்ததுதான் வாட்ஸ்அப்பின் பெரிய சாமர்த்தியம். ஆப்பை இறக்கி, கான்டாக்ட்ஸுக்கு அனுமதி கொடுத்த நொடியில் யார் யார் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள் என்று பட்டியல் வந்துவிடும், யாரையும் தேடிச் சேர்க்க வேண்டியதில்லை. அதோடு, எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு போய்க்கொண்டிருந்த காலம் அது. டெலிகிராம் இன்னும் ஒரு படி மேலே போய், உங்களுக்குத் தெரிந்தவர் சேர்ந்தாலே 'இன்னார் வந்துவிட்டார்' என்று மணி அடிக்கும்.

வெளியே போவதுதான் கஷ்டம். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பின் புதிய தனியுரிமை நிபந்தனைகளைப் பார்த்துக் கோபப்பட்டு ஏராளமானவர்கள் சிக்னலையும் டெலிகிராமையும் இறக்கினார்கள், ஆனால் வீட்டு குரூப்பும் ஆபீஸ் குரூப்பும் நகராதபோது ஒருவர் மட்டும் போய் அங்கே யாரிடம் பேசுவது? ஆப் நன்றாக இருக்கிறதா என்பதைவிட நம் ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே முக்கியம் என்று ஆப் கம்பெனிகளுக்கு நன்றாகத் தெரியும்.

உங்களால் முடிந்தது: புது ஆப் கான்டாக்ட்ஸ் கேட்டால் உடனே சரி கொடுக்காதீர்கள், அந்தப் பட்டியலில் இருப்பது அடுத்தவர்களின் நம்பர், அவர்களை யாரும் கேட்கவில்லை. தொல்லை தரும் கம்பெனிச் செய்தி வந்தால் அழிப்பதோடு விடாமல் பிளாக் செய்து புகாரும் கொடுங்கள். பேக்கப்புக்கான பூட்டு வாட்ஸ்அப்பில் தானாகப் போடப்பட்டிருக்கும் என்று நம்பாமல், செட்டிங்ஸில் சாட்ஸ் பகுதிக்குள் போய் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.